கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனும் ஜானி கேஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க கன்ட்ரி இசையைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் பாட்டு எழுதுபவரான கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் பெயர் வந்த உடனே, அவர் பாடகர் ஜானி கேஷ் வீட்டில் ஹெலிகாப்டரில் போய் இறங்கிய கதையும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கதைக்கு முன்னால் இருந்த நான்கைந்து வருட உழைப்பையும், அதற்குப் பின்னால் ஜானி கேஷ் ஒரே ஒரு சொல்லுக்காக உறுதியாக நின்றதையும் கேட்பவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கன்ட்ரி பாட்டுன்னா நம்ம நாட்டுப்புறப் பாட்டு மாதிரிதானே?

வேர் அங்கே இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் கிடையாது. கன்ட்ரி பாட்டுக்கு உண்டு. அமெரிக்கத் தென்மாநில மலைக்கிராமப் பாட்டு, தேவாலயப் பாட்டு, கறுப்பின மக்களின் ப்ளூஸ் எல்லாம் கலந்து 1920-களில் இசைத்தட்டு வியாபாரமாக உருவெடுத்தது கன்ட்ரி. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் அதன் தலைநகரம். அங்கே பாட்டு எழுதுவது முழுநேரத் தொழில். பதிப்பாளர், ஒப்பந்தம், உரிமைத்தொகை எல்லாம் உள்ள தொழில்.

கிறிஸ்டோஃபர்சன் நடிகர் இல்லையா? "பிளேடு" படத்துல வர்ற தாத்தா?

அவரேதான். 1976-இல் வந்த "எ ஸ்டார் இஸ் பார்ன்" படத்துக்காக கோல்டன் குளோப் வாங்கியவரும் அவரே. ஆனால் சினிமாவுக்கு வரும் முன்பே பாட்டு எழுதுபவராகப் பெயர் வாங்கிவிட்டார். பிறந்தது 1936 ஜூன் 22, டெக்சாஸின் பிரவுன்ஸ்வில். 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாயின் மாவி தீவில் தன் வீட்டில், 88 வயதில் காலமானார். 2004-இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

பாடலாசிரியர்னா வரி மட்டும் எழுதினாரா? மெட்டு யார் போட்டது?

இரண்டும் அவர்தான். தமிழில் பாடலாசிரியர் என்றால் வரி எழுதுபவர், மெட்டுக்குத் தனியாக இசையமைப்பாளர் என்று பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் வருகிறது. நாஷ்வில்லில் பாட்டு எழுதுபவர் பெரும்பாலும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வரியையும் மெட்டையும் சேர்த்தே கட்டுவார். பாடகர் அதை வாங்கிப் பாடுவார். பின்னணிக் கருவிகளை ஒலிப்பதிவுக் கூடத்துக் கலைஞர்கள் அங்கேயே அமைத்துக்கொள்வார்கள்.

அதனால் இசைத்தட்டின் லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அதுதான் ஆசிரியர். பெரிய எழுத்தில் இருப்பவர் பாடகர். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டுல படிச்ச ஆள் ஏன் போய் துடைப்பம் பிடிச்சார்?

கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் படித்தார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் பயின்றார். கவிஞர் வில்லியம் பிளேக் மீது அவருக்குத் தீராத பிடிப்பு. பிறகு ராணுவத்தில் சேர்ந்து ஹெலிகாப்டர் விமானியாகி, ஜெர்மனியில் பணியாற்றி, கேப்டன் வரை உயர்ந்தார். அப்பாவும் விமானப்படையில் மேஜர் ஜெனரல். 1965-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் வேலை கைக்கு வந்தது. அதை விட்டுவிட்டு நாஷ்வில்லுக்கு வந்தார். குடும்பத்துக்கு அது பெரிய அடி. அவருடைய அம்மா உறவையே முறித்துக் கடிதம் எழுதினார்.

நாஷ்வில்லில் பட்டத்தைக் காட்டினால் யாரும் பாட்டு வாங்கமாட்டார்கள். அதனால் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் அந்த வேலையில் இருந்தவர் பில்லி ஸ்வான். இவரும் பாட்டு எழுதுபவர், பிறகு கிறிஸ்டோஃபர்சன் குழுவிலேயே வாசித்தவர். 1966-இல் பாப் டிலன் அங்கே வந்து "பிளாண்ட் ஆன் பிளாண்ட்" பதிவு செய்தபோது சாம்பல் கிண்ணங்களைக் காலி செய்துகொண்டிருந்தவர் கிறிஸ்டோஃபர்சன். வேலை எளியதுதான். ஆனால் எந்தப் பாடகர் எந்தப் பாட்டை எப்படிப் பாடுகிறார் என்று தினமும் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. ஒரு நிபந்தனையும் இருந்தது: கூடத்துக்கு வரும் பாடகர்களிடம் ஊழியர்கள் தங்கள் பாட்டைத் திணிக்கக்கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

சம்பளமும் போதவில்லை, குழந்தையின் மருத்துவச் செலவும் சேர்ந்துகொண்டது. அதனால் லூசியானா கடற்கரைக்கு அப்பால், மெக்சிகோ வளைகுடாவில் உள்ள எண்ணெய்த் தளங்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டும் வேலையை எடுத்தார். ஒரு வாரம் வளைகுடாவில் இருந்து எழுதுவார். அடுத்த வாரம் நாஷ்வில் வந்து எழுதியதை விற்க அலைவார். அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் சில அந்த எண்ணெய்த் தளங்களில் உட்கார்ந்து எழுதியவை.

ஒரு பாட்டு எழுதிட்டா அது பாடகர் கைக்கு எப்படிப் போகும்?

முதலில் ஒரு பதிப்பாளர் வேண்டும். கிறிஸ்டோஃபர்சனை முதலில் எடுத்துக்கொண்டவர் மேரிஜான் வில்கின், பக்ஹார்ன் மியூசிக் நிறுவனர். கிறிஸ்டோஃபர்சனுடன் ராணுவத்தில் இருந்த ஒருவர் வில்கினுக்கு உறவு, அந்த வழியில் வந்த அறிமுகம். பதிப்பாளர் பாட்டின் உரிமையில் பங்கு வாங்கிக்கொள்வார். பதிலுக்கு அதைப் பாடகரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு.

அடுத்தது டெமோ. ஒரு கிட்டார், ஒரு குரல், கூடிப்போனால் இன்னும் இரண்டு கருவி வைத்து நாடாவில் பதிந்து, வரிகளைத் தட்டச்சு செய்து கூடவே இணைப்பார்கள். பதிப்பகத்தின் ஆள் இதைத் தயாரிப்பாளரிடம் எடுத்துப்போவார். பிடித்தால் "ஹோல்டு" என்று நிறுத்திவைப்பார்கள். அதாவது அவர்கள் முடிவு சொல்லும்வரை வேறு யாருக்கும் காட்டக்கூடாது. பல பாட்டுகள் வீணாவது இங்கேதான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்பார்கள். தப்பித்த பாட்டு ஒலிப்பதிவுக்குப் போகும். நாஷ்வில்லில் ஒரு பதிவு அமர்வு 3 மணி நேரம், அதற்குள் 3 அல்லது 4 பாட்டு முடிந்தாக வேண்டும். பதிந்த பிறகும் இசைத்தட்டு வெளிவரும் என்று உறுதியில்லை.

டெமோவில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அளவுக்கு மீறி அலங்கரிப்பது. கேட்கும் பாடகருக்குத் தன் குரலை அதில் கற்பனை செய்து பார்க்க இடம் வேண்டும். கிறிஸ்டோஃபர்சனின் கரகர டெமோக்கள் இந்த விதத்தில் அவருக்குக் கைகொடுத்தன என்றே சொல்வோம்.

வந்ததுமே ஹிட் ஆயிட்டாரா?

இல்லை. 1966-இல் டேவ் டட்லி பாடிய "வியட்நாம் ப்ளூஸ்" கன்ட்ரி பாட்டுகளின் வெற்றிப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. 1967-இல் எபிக் நிறுவனத்துக்காக அவரே பாடிய சிங்கிள் எடுபடவில்லை. 1968-இல் ராய் டிரஸ்கி "ஜோடி அண்ட் த கிட்" பாடினார். 1969-இல்தான் ரோஜர் மில்லர் மூலம் கதவு திறந்தது. கிறிஸ்டோஃபர்சன் பாட்டுகள் மூன்றை மில்லர் ஒரே ஆல்பத்தில் பாடினார், அதில் ஒன்று "மீ அண்ட் பாபி மெகீ". வந்து சேர்ந்து நான்கு வருடம் கழித்துக் கிடைத்தது இது. இதற்குள் பதிப்பாளரும் மாறியிருந்தார். ஃபிரெட் ஃபாஸ்டரின் கம்பைன் மியூசிக்கில் அப்போது இருந்தார்.

ஜானி கேஷை முதல்ல எப்போ பார்த்தார்?

1965-இல், ராணுவ விடுப்பில் நாஷ்வில் வந்தபோது. ரைமன் அரங்கில் நடந்த கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் மேடைக்குப் பின்னால் கேஷுடன் கை குலுக்கினார். அப்போது கேஷ் மாத்திரைப் பழக்கத்தில் உடல் வற்றி, ஓரிடத்தில் நிற்க முடியாமல் உலாவிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் அந்தக் கைகுலுக்கலில் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது என்றும், நாஷ்வில்லுக்கே வந்துவிடுவது என்ற முடிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் கிறிஸ்டோஃபர்சன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இது வெறும் ரசிகர் மயக்கமல்ல. ஆர்கன்சாவின் பருத்திக் காட்டில் வளர்ந்து, விமானப்படையில் இருந்து, 1955-இல் சன் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் தொடங்கியவர் கேஷ். சிறைக்கைதி, தொழிலாளி, பூர்வகுடி என்று யாரும் பாடாதவர்களைப் பற்றிப் பாடினார். பிளேக் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு, எளிய சொல்லில் கனமானதைச் சொல்ல முடியும் என்பதற்குக் கண்முன் நின்ற சான்று அவர்.

ஹெலிகாப்டர்ல கேஷ் வீட்டுல இறங்கினது உண்மையா, கட்டுக்கதையா?

இறங்கியது உண்மை. மற்றபடி சொல்வதில் பெரும்பகுதி அலங்காரம். கேஷ் வீடு நாஷ்வில்லுக்கு வடகிழக்கே ஹென்டர்சன்வில்லில், ஓல்டு ஹிக்கரி ஏரிக் கரையில் இருந்தது. கிறிஸ்டோஃபர்சன் அப்போது நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படைப்பிரிவிலும் பறந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஹெலிகாப்டரை அந்த வீட்டுப் புல்தரையில் இறக்கினார்.

கேஷ் சொல்லும் வடிவத்தில் கிறிஸ்டோஃபர்சன் ஒரு கையில் பீர், மறு கையில் பாட்டு நாடாவுடன் இறங்கி வருவார். கிறிஸ்டோஃபர்சன் அதைப் பணிவாக மறுத்தார். ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும், குடித்துக்கொண்டு ஓட்ட முடியாது என்றார். அன்று கேஷ் வீட்டிலேயே இல்லை என்றும் சொன்னார். ஹெலிகாப்டரின் குச்சிகளையும் மிதிகளையும் பற்றித் தெரிந்தவர்கள் விமானி சொல்வதைத்தான் நம்புவார்கள். ஒரு கை சைக்ளிக் குச்சியில், மறு கை கலெக்டிவ் நெம்புகோலில், இரண்டு காலும் மிதிகளில் இருக்கும். இறங்கும்போது எதையும் விட முடியாது.

அன்று கொடுத்த பாட்டு "சண்டே மார்னிங் கமிங் டவுன்" என்று சொல்வதும் தவறு. அது வேறொரு பாட்டு, கேஷ் அதைப் பதிவு செய்யவேயில்லை என்பது கிறிஸ்டோஃபர்சன் வாக்கு.

அப்படின்னா ஹெலிகாப்டரால வாய்ப்பு கிடைக்கலையா?

அதனால் மட்டும் கிடைக்கவில்லை. கொலம்பியா கூடத்தில் வேலை பார்த்தபோதே கேஷை மணந்த பாடகி ஜூன் கார்ட்டர் வழியாகவும் மற்றவர்கள் வழியாகவும் நாடாக்கள் கேஷுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றை ஏரியில் எறிந்துவிட்டதாகக் கேஷே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஹெலிகாப்டர் சம்பவம் நடப்பதற்குள் மேலே சொன்ன பட்டியல் பாட்டுகள் வந்துவிட்டன. கேஷுக்கு அவர் முகமும் பழக்கம், பெயரும் பழக்கம்.

நிஜமான திருப்பம் 1969 ஜூலையில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நாட்டார் இசை விழா. கேஷ் தன் மேடை நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அவரைப் பாட வைத்தார். நாஷ்வில்லுக்கு வெளியே அவர் பெயர் பரவியது அங்கிருந்துதான்.

"சண்டே மார்னிங்" கேஷ் பாட்டுதானே? இவர் பேர் ஏன் வருது?

எழுதியவர் கிறிஸ்டோஃபர்சன். முதலில் பதிவு செய்தவர் ரே ஸ்டீவன்ஸ், 1969-இல். நல்ல பதிவு, ஆனால் பெரிதாக ஏறவில்லை. 1970-இல் கேஷ் பாடியது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாட்டு விருது அதற்கு. விருது பாடகருக்கல்ல, எழுதியவருக்கு. அதே 1970-க்கான அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் விருது, ரே பிரைஸ் பாடிய "ஃபார் த குட் டைம்ஸ்" பாட்டுக்கு. அதுவும் கிறிஸ்டோஃபர்சன் எழுதியதே.

பாட்டில் ஒருவன் ஞாயிறு காலை தலைவலியோடு எழுகிறான். காலை உணவுக்குப் பீர். அழுக்குச் சட்டைகளில் அழுக்குக் குறைந்ததைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறான். யார் வீட்டிலோ கோழி பொரியும் வாசம் வருகிறது. பூங்காவில் ஓர் அப்பா தன் மகளை ஊஞ்சலில் ஆட்டுகிறார். ஞாயிறு பள்ளியிலிருந்து பாட்டுச் சத்தம், தூரத்தில் மணியோசை. "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டு அழாமல், ஒரு தெருவையே நடக்கவிட்டு நம்மை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார். கன்ட்ரி பாட்டில் இப்படிக் குடிகாரனின் காலைப்பொழுதை இரக்கமும் கண்டனமும் இல்லாமல் வெறுமனே பார்த்து எழுதியது அன்றைக்குப் புதிது.

ஒரே ஒரு வார்த்தைக்கு ஏன் அவ்வளவு தகராறு?

கேஷுக்கு ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. 1969 ஜூன் முதல் 1971 மார்ச் வரை 58 பகுதிகள், ரைமன் அரங்கில் படமாக்கியவை. அங்கே இந்தப் பாட்டைப் பாட நினைத்தபோது பல்லவியில் வரும் "ஸ்டோன்ட்" என்ற சொல் அலைவரிசைக்கு உறுத்தியது. போதையில் கிறங்கிக் கிடப்பதைக் குறிக்கும் சொல் அது. அதை எடுத்துவிட்டு "ஹோம்", அதாவது வீடு, என்று வைக்கச் சொன்னார்கள்: "ஆண்டவரே, நான் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்பது போல. கிறிஸ்டோஃபர்சன் அரங்கின் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தார். எதைப் பாடுவேன் என்று கேஷ் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வரி வந்ததும் எழுதியிருந்த சொல்லையே, அவர் இருந்த திசையைப் பார்த்துப் பாடினார். இசைத்தட்டில் வெளிவந்ததும் ரைமனில் பாடிய அந்த நேரடிப் பதிவுதான்.

இதைப் பிடிவாதம் என்று மட்டும் பார்த்தால் பாட்டு புரியாது. அந்த மனிதனுக்குத் தேவைப்படுவது வீடுதான். கோழி வாசமும் ஊஞ்சலும் மணியும் அதைத்தான் சொல்லிக்கொண்டே வருகின்றன. ஆனால் அவன் வாய் அதைச் சொல்லாது. இல்லாததை மறக்க எது உதவுமோ அதைத்தான் கேட்கிறான். அங்கே "வீடு" என்று போட்டால் அவன் மறைத்ததை நாமே உடைத்துச் சொன்னதாகிவிடும், அதன்பின் மிச்ச வரிகளுக்கு வேலையில்லை. கேஷ் தானே பாட்டு எழுதுபவர் என்பதால் இது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாடகர் எழுதியவருக்குத் தரக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பது எங்கள் கருத்து.

பாபி மெகீ ஆம்பளையா பொம்பளையா? ஜேனிஸ் ஜாப்லின் எழுதினதா?

ஜாப்லின் எழுதியதல்ல. 1970 அக்டோபர் 4 அன்று அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு பதிவு செய்தார். 1971-இல் அது அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதலில் பாடியவர் ரோஜர் மில்லர் என்பதை மேலேயே பார்த்தோம்.

தலைப்பு பதிப்பாளர் ஃபிரெட் ஃபாஸ்டர் கொடுத்தது. அவர் அலுவலகம் இருந்த கட்டடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் செயலாளரின் பெயரைத் தொலைபேசியில் சொல்லி, இதை வைத்து எழுது என்றார். அந்தப் பெண்ணின் குடும்பப்பெயரில் வரும் "க" நம் "கல்"லில் வருவது போல வன்மையானது. கிறிஸ்டோஃபர்சன் காதில் அது "தங்கம்" என்பதில் வருவது போல விழுந்தது. அப்படியே நிலைத்தும் விட்டது. தலைப்புத் தந்ததற்காக ஃபாஸ்டர் இணை ஆசிரியர். மூலப் பாட்டில் பாபி ஒரு பெண். ஜாப்லின் பாடியபோது பாபியை ஆணாக்கிக்கொண்டார். இரண்டுக்கும் பொருந்தும் பெயர் என்பதால் ஒரு சில சொல் மாற்றத்தோடு முடிந்தது. இருவர் பயணம் செய்து பிரியும் கதைக்கு இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் "லா ஸ்ட்ராடா" படம் தூண்டுதல் என்று கிறிஸ்டோஃபர்சன் சொல்லியிருக்கிறார்.

இத்தனை ஹிட்டு. கோடிக்கணக்குல சம்பாதிச்சிருப்பாரே?

நன்றாகச் சம்பாதித்தார், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. 1909-ஆம் வருடச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு, விற்கும் ஒரு பிரதிக்கு, 2 சென்ட்தான் உரிமைத்தொகை. 1977 முடியும்வரை இதே விகிதம். கணக்குப் போடுங்கள்: 10 லட்சம் பிரதி விற்றால் 20,000 டாலர். வழக்கமான ஒப்பந்தத்தில் பாதி பதிப்பாளருக்கு, மீதி 10,000. இணை ஆசிரியர் இருந்தால் 5,000. (2023-இல் இந்த விகிதம் 12 சென்ட்.) இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டுக்கும் இதே தொகைதான், அதனால் பின்பக்கம் கிடைத்தாலே எழுதுபவர்கள் மகிழ்வார்கள்.

பணம் பெருகுவது வானொலியில். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலிகள் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் தர வேண்டும், பாடகருக்குத் தர வேண்டியதில்லை. பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். கேஷ், ரே பிரைஸ், சாமி ஸ்மித், ஜாப்லின் என்று யார் பாடி எங்கே ஒலித்தாலும் கிறிஸ்டோஃபர்சன் கணக்கில் விழும். ஒரு பாட்டை நூறு பேர் பாடுவது அவருக்கு ஏன் நல்லது என்பது இப்போது தெரியும்.

குரல் சுமார்தான். அப்புறம் ஏன் அவரே பாடினார்?

ஃபிரெட் ஃபாஸ்டர் போட்ட நிபந்தனை. நாலு பாட்டுக் கேட்டுவிட்டு, எழுத்தாளராக மட்டும் சேர்க்கமாட்டேன், தன் மான்யுமென்ட் இசைத்தட்டு நிறுவனத்தில் பாடகராகவும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் என்றார். தனக்குப் பாட வராது என்று கிறிஸ்டோஃபர்சன் மறுத்துப் பார்த்தார். 1970-இல் முதல் ஆல்பம் வந்து சரியாக விற்கவில்லை. ஜாப்லின் பாட்டு வெற்றி பெற்றபின் "மீ அண்ட் பாபி மெகீ" என்று பெயர் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள், அப்போது விற்றது.

குரல் வீச்சு குறைவு, சுருதி சில இடத்தில் தளரும். உண்மைதான். ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். மெட்டும் பேச்சை ஒட்டியே நகரும்படி கட்டியிருப்பார். அதனால் நல்ல குரல் உள்ளவர்களும் அந்தப் பாட்டுகளை எடுத்துத் தங்கள் அளவுக்கு விரித்துக்கொள்ள முடிந்தது.

கேஷைப் பத்தி நேரா ஏதாவது பாட்டு எழுதியிருக்காரா?

மூன்று முக்கியம். முதலாவது 1970 ஆல்பத்தில் உள்ள "டு பீட் த டெவில்". ஒலிப்பதிவுக் கூட நடைவழியில், சாவுக்கு ஓரடி முன்னால் நிற்பது போலிருந்த ஒரு நண்பரைக் கண்டதைப் பேச்சாகச் சொல்லித் தொடங்குகிறார். ஜானுக்கும் ஜூனுக்கும் என்று காணிக்கை வைக்கிறார். பாட்டில் பசியோடு ஒரு மதுக்கடைக்குள் நுழையும் பாட்டுக்காரனிடம், உன் பாட்டை யாரும் கேட்கப்போவதில்லை என்று சாத்தான் பாடிக் காட்டுகிறது. அவன் சாத்தானின் பீரையும் குடித்துவிட்டு, அதன் பாட்டையும் எடுத்துக்கொள்கிறான். கேஷ் இதைத் தானும் பதிவு செய்தார்.

இரண்டாவது 1971-இல் வந்த "த பில்கிரிம், சாப்டர் 33". இது கேஷைப் பற்றியது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அவர் வரிசையாகச் சொல்லும் பெயர்களைக் கேளுங்கள். ராம்ப்ளின் ஜாக் எலியட், டென்னிஸ் ஹாப்பர், ஜெரி ஜெஃப் வாக்கர் முதலியோருடன் கேஷும் ஒருவர். முரண்பாடே உருவான ஒரு மனிதனைப் பலரிடமிருந்து சேர்த்துச் செய்திருக்கிறார். மூன்றாவது 2009 ஆல்பத்தில் உள்ள "குட் மார்னிங் ஜான்". இது முழுக்கக் கேஷுக்கானது. ஆல்பம் வந்தபோது கேஷ் இறந்து ஆறு வருடமாகியிருந்தது.

கேஷ் பக்கத்துலயும் அதே மதிப்பு இருந்துச்சா, இல்ல ஒருவழிப் பாசமா?

தொலைக்காட்சியில் மாற்றாமல் பாடிய அந்த ஒரு சொல்லே பதில். அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1984-இல் கேஷின் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில் கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிறிஸ்டோஃபர்சன் நால்வரும் கூடினார்கள். அதிலிருந்து ஹைவேமன் குழு பிறந்தது. 1985, 1990, 1995 என மூன்று ஆல்பம். முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கன்ட்ரியில் முதலிடம். அது கிறிஸ்டோஃபர்சன் எழுதியதல்ல, ஜிம்மி வெப் எழுதியது. நால்வரும் ஆளுக்கொரு பிறவியைப் பாடுவார்கள்: நெல்சன் வழிப்பறிக்காரன், கிறிஸ்டோஃபர்சன் மாலுமி, ஜென்னிங்ஸ் அணைக்கட்டுத் தொழிலாளி, கேஷ் விண்கலம் ஓட்டுபவர். நாலு கட்டங்களில் யார் குரல் எது என்று குழம்புபவர்கள் இந்த வரிசையை நினைவில் வைக்கலாம்.

1994-இல், தொழில்வாழ்க்கை சரிந்திருந்த கேஷ் வெறும் கிட்டாருடன் பதிந்த "அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்" ஆல்பத்திலும் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய "ஒய் மீ" இருக்கிறது.

"ஒய் மீ" பக்திப் பாட்டாச்சே. குடிப் பாட்டு எழுதினவர் அதையும் எழுதினாரா?

ஆமாம். நாஷ்வில் பக்கத்துத் தேவாலய வழிபாடு ஒன்றுக்குப் போனபோது லாரி காட்லின் பாடியதைக் கேட்டு மனம் கலங்கினார், அதிலிருந்து வந்த பாட்டு. அவர் தனியாகப் பாடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது இது ஒன்றுதான், 1973-இல். மேரிஜான் வில்கினுடன் சேர்ந்து எழுதிய "ஒன் டே அட் எ டைம்" இன்னொன்று. ஆங்கில வழிபாடுகளுக்குப் போகும் பழக்கமிருந்தால், யார் எழுதியது என்று தெரியாமலே நீங்கள் அதைக் கேட்டிருக்கக்கூடும்.

இந்தப் பாட்டுகளைத் தமிழ்ல மாத்திப் பாடி வலையேத்தலாமா?

அப்படியே ஆங்கிலத்தில் பாடுவது வேறு, மொழிபெயர்ப்பது வேறு. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டின் முதல் பதிவுக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும். அது வெளிவந்தபின் யார் வேண்டுமானாலும், சட்டம் விதித்த தொகையைக் கட்டி, ஒலிப்பதிவு செய்யலாம். அதனால்தான் நூற்றுக்கணக்கான பதிவுகள். ஆனால் வரியை மாற்றினாலோ மொழிபெயர்த்தாலோ அது புதிய ஆக்கம், அதற்குப் பதிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். காணொளியோடு சேர்ப்பதற்கும் தனி அனுமதி. 1969-இல் பதிப்பான பாட்டுக்கு அமெரிக்காவில் 95 வருடக் காப்பு, 2064 முடியும்வரை.

நடைமுறையில் அலைவரிசைகளில் பாட்டு முடக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். பாடகரைத் தேடி அனுமதி கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பதிப்பாளரிடம். பிஎம்ஐ தரவுத்தளத்தில் பாட்டின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்துத் தேடினால் இப்போதைய பதிப்பாளர் யார் என்று தெரியும். பழைய தட்டில் இருக்கும் பதிப்பகப் பெயரை நம்பாதீர்கள், உரிமைகள் கைமாறியிருக்கும்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கணும்?

"சண்டே மார்னிங்" பாட்டை மூன்று குரலில் கேளுங்கள்: ரே ஸ்டீவன்ஸ், பிறகு கேஷ், கடைசியில் கிறிஸ்டோஃபர்சனின் 1970 பதிவு. அடுத்து சாமி ஸ்மித்தின் "ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்". அதன்பின் 1970, 1971 ஆல்பங்கள் இரண்டையும் பாட்டுகளை மாற்றாமல் வரிசையாக.

வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் ஆங்கில உச்சரிப்பு இடறாது. கேஷ் பதிவைக் கேட்கும்போது பல்லவி முதல்முறை வரும் இடத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டிவையுங்கள். அந்தச் சொல்லை அவர் விழுங்காமல் பாடுவது தெளிவாகக் கேட்கும்.